கோவர்த்தனனுக்கு ஏற்ற வைத்தியர்

சத்தியவேட்டுக்கு மேற்கே ஓர் ஊரில் கோவர்த்தனன் என்று ஒரு குடியானவர் இருந்தார். கிணற்றுப் பாசனம், கொஞ்சம் வேர்க்கடலை, ஒரு ஜோடி மாடு, கட்டுமஸ்தான உடம்பு. குறை என்று சொன்னால் ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் இல்லை என்பார். மழை வரும் என்றால் வராது. வராது என்றால் வரும். ஒன்றுமே சொல்லாமல் ஒருவன் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், அங்கே என்ன பார்க்கிறாய், மேகம் இந்தப் பக்கமல்லவா இருக்கிறது என்பார். இவர் தெருவில் வருவது தெரிந்தால் பாதி ஊர் சந்துக்குள் திரும்பிவிடும். மீதிப் பாதிக்குச் சந்து கிடைத்திருக்காது.

அவர் மனைவி கிருஷ்ணம்மா கல்யாணமான புதிதிலேயே இந்த மனிதரிடம் வாய் கொடுப்பதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டவள். எதற்கும் சரி என்பாள், பிறகு தன் இஷ்டப்படி செய்வாள். சரி என்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? கோவர்த்தனனுக்கு அந்த வருஷங்களெல்லாம் உப்பில்லாமல் போயின. பிறகு மகள் அம்சவேணி பிறந்து, பேச்சு வந்து, அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகளில் ஒன்று "இல்லை" என்பதாக இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் விடிந்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பனும் மகளும் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறும், சண்டை ஆறாது. இரண்டு மாட்டில் எந்த மாட்டுக்கு மூளை அதிகம், நாகலாபுரத்துப் பஸ் இன்றைக்குச் சீக்கிரம் போனதா தாமதமாகப் போனதா, குழம்பில் புளி தூக்கலா உப்புத் தூக்கலா, எதையும் விடமாட்டார்கள். "நீ வேணும்னா போய் மாட்டையே கேளு நைனா" என்பாள் அவள். இவர் நிஜமாகவே எழுந்து கொட்டகைக்குப் போவார். ஒரு நாளாவது அவளிடம் தோற்றதாக ஒத்துக்கொண்டதில்லை. படுக்கும்போது மட்டும் அவருக்கு அப்படி ஒரு நிறைவு, நாலு ஆள் வேலை செய்த மாதிரி அசந்து தூங்குவார்.

இப்படி இருக்கையில் அம்சவேணிக்குத் திருத்தணிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் சம்பத், போர்டு ஸ்கூலில் வாத்தியார். அவன் அப்பா சண்முகம் தங்கமான மனிதர். பெண் பார்க்க வந்த அன்று சம்பத் காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று சொல்ல, கதவுக்குப் பின்னாலிருந்து அம்சவேணி, அடியில் இருக்கிறது, கலக்கிக் குடிக்க வேண்டும் என்றாள். கலக்கிக் குடித்தவன் ஆமாம் என்று சிரித்தான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஜாதகம் பொருந்தியது, குலம் கோத்திரம் பொருந்தியது. ஒரு நல்ல நாள் பார்த்துத் தாம்பூலம் மாற்றுவதென்று முடிவானது.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தைக் கோவர்த்தனன் இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கினாரோ இல்லையோ, கூரை ஒரு சுற்று சுற்றியது. தூண் நகர்ந்தது. எதிரே இருந்த சண்முகம் இரண்டு சண்முகமாக ஆனார். தாம்பாளத்தோடு அப்படியே சரிந்து சம்பத்தின் சித்தப்பா மடியில் போய் விழுந்தார். தேங்காய் உருண்டு வாசல் தாண்டிப் போனது. பழத்தின்மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது, இன்னொரு நாள் வருகிறோம் என்று சண்முகம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு நாளும் வந்தார். அன்றும் தாம்பாளம், அன்றும் கூரை, அன்றும் அதே சித்தப்பா மடி. மூன்றாவது தடவை அந்தச் சித்தப்பா வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால் மற்ற நேரத்தில் கோவர்த்தனனுக்கு ஒன்றுமே கிடையாது. கிணற்றுக்குள் இறங்கித் தூர் வாருவார். பனைமரம் ஏறி ஓலை வெட்டுவார். தலை கல் மாதிரி நிற்கும். வைகாசி, முகூர்த்தம், தாம்பூலம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், கண் சொருகிவிடும். பக்கத்தில் நிற்கிறவளைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கிறவள் எப்போதும் அம்சவேணிதான்.

இதற்கு நடுவில் எல்லைத் தகராறு வேறு. ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு ராஜ்யமும் பேசிக்கொண்டே இருந்தன. அப்போது சத்தியவேடு மதராஸில் இருந்தது, திருத்தணி ஆந்திராவில் இருந்தது. பிறகு தெரிந்த சேதி, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போகிறது, திருத்தணி மதராஸுக்கு வருகிறது. கோவர்த்தனன் இதைப் பிடித்துக்கொண்டார். பெண்ணை எந்த ராஜ்யத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது, எல்லை முடிவாகட்டும் என்றார். நாம் அந்தாண்டை போகும்போது அவர்கள் இந்தாண்டை வருவார்கள், எப்படிப் பார்த்தாலும் அவர்கள் வேற்று ராஜ்யம்தான், பிறகு முடிவானால் என்ன முடிவாகாவிட்டால் என்ன என்று அம்சவேணி மடக்கினாள். பதிலுக்கு அவருக்குத் தலை சுற்றியது.

சண்முகம் எத்தனை நாள்தான் பொறுப்பார். அடுத்த வைகாசி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சம்பந்தி உடம்பைத் தேற்றிக்கொண்டு தாம்பூலம் கொடுத்தால் சரி, இல்லையென்றால் பையனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாகிவிடும் என்று ஆளனுப்பிச் சொன்னார். அன்று சாயங்காலம் அம்சவேணி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வைத்தியம் பார்த்தே தீர்வது என்று கோவர்த்தனன் மறுநாளே கிளம்பினார். உண்மையாகத்தான் கிளம்பினார், அதில் சந்தேகம் வேண்டாம். மனிதர் மனதறிந்து பொய் சொல்கிறவர் இல்லை. அவர் மனது அவருக்கே தெரியாமல் செய்த வேலை அது.

முதலில் சத்தியவேட்டில் நாகபூஷணம் என்ற நாட்டு வைத்தியர். நாடி பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாடி குதிரை மாதிரி ஓடுகிறது, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, இந்தத் தலைசுற்றல் எப்போது எப்போது வருகிறது என்று யோசித்துச் சொல்லும் என்றார். யோசிப்பதாவது! கோவர்த்தனன் கையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஆள் வெற்றிலை மென்றுகொண்டே நாடி பார்க்கிறான், அவன் தாடை ஆடுகிற ஆட்டம் என் நாடியில் கலந்துவிடுகிறது, அவனுக்கு என்ன தெரியும் என்றார். கிருஷ்ணம்மா சரி என்றாள்.

அடுத்ததாக அவரே விசாரித்துக் கண்டுபிடித்தது சூளூர்பேட்டை ரங்கையா. பெரிய கை, நெல்லூர் வரைக்கும் பெயர். ஆனால் ரங்கையா பாம்புக்கடி வைத்தியர். பாம்புக்கடியைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. தாடா வரை வண்டி கட்டிக்கொண்டு போய், அங்கிருந்து பஸ் பிடித்து, கடிபடாத மனிதர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் ரங்கையாவுக்கே திகைப்பாகிவிட்டது. பாம்பு எங்கே கடித்தது என்று தெலுங்கில் கேட்டார். கடித்த ஞாபகம் இல்லை என்றார் இவர். ஞாபகம் இல்லாமல் கடிக்கிற பாம்புதான் மோசமானது என்று ரங்கையா தலையாட்டினார்.

உடம்பில் விஷம் இருந்தால் மிளகாய் காரம் தெரியாது, வேப்பிலை கசக்காது. அதுதான் சோதனை. ஒரு கைப்பிடி பச்சை மிளகாயைக் கொடுத்து மெல்லச் சொன்னார். கோவர்த்தனன் மென்றார். காது இரண்டிலும் புகை வந்தது. வேப்பிலையை மென்றார். மூக்கு, கண் எல்லாம் ஊற்றெடுத்தது. விஷம் துளிகூட இல்லை, பிழைத்துக்கொண்டாய் என்று ரங்கையா முதுகில் தட்டி அனுப்பிவைத்தார். கோவர்த்தனன் உதடு வீங்கி, மனசு நிறைந்து ஊர் திரும்பினார்.

"பாதி கொணம் ஆயிடுச்சி. பாம்பு இல்லேன்னு தெரிஞ்சி போச்சில்ல."

பாம்பு கடித்ததா என்று என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே என்றாள் அம்சவேணி. நீ எங்கே பார்த்தாய் என்றார் இவர். அந்தப் பேச்சிலேயே இரண்டு வாரம் சந்தோஷமாகக் கழிந்தது. வைகாசி மட்டும் யாரையும் கேட்காமல் கிட்டே வந்துகொண்டிருந்தது.

கிருஷ்ணம்மா பார்த்தாள். திருப்பதிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, போய்வரலாம் என்றாள். மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு இறங்கியதும், கோவிந்தராஜர் கோயில் பக்கத்தில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், மதராஸில் பெரிய படிப்புப் படித்தவராம் என்று நைசாக ஒரு வீட்டுக்குள் அழைத்துப் போனாள். டாக்டர் பெயர் வெங்கடராகவன். நெற்றியில் திருமண் வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ஊசியை எடுக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. பேச்சுக் கொடுத்தார். கிணற்றில் இறங்கும்போது சுற்றுகிறதா? இல்லை. பனை ஏறும்போது? இல்லை. பஸ்ஸில்? இல்லை. தாம்பாளத்தைத் தூக்கினால் மட்டும்தானா? அப்படியானால் சொல்லுங்கோ, உங்க பெண்ணைப் பத்தி எனக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ என்றார்.

கோவர்த்தனன் எழுந்து வெளியே வந்துவிட்டார். தெரு முனை வரை ஒரே நடை. அங்கே நின்று மூச்சு விட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இவனெல்லாம் ஒரு டாக்டரா? நாற்காலி ஆடுகிறது. சுவர்க்கடிகாரம் வேகமாக ஓடுகிறது. இடது கையால் எழுதுகிறான். திருமண் ஒரு பக்கம் கோணல். கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், மரியாதை தெரியாதவன். ஜன்னல் திறந்திருக்கிறது, தெருவில் போகிற மாடு உள்ளே பார்க்கிறது. வாசலில் செருப்பு தெற்கு பார்த்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வந்தவனுக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுக்கவில்லை. "பாட்டிலு குடுக்காதவன் இன்னா டாக்டரு?" என்று வெற்றிலைக் கடைக்காரரிடமே நியாயம் கேட்டார்.

அந்த வெற்றிலைக் கடைக்காரர்தான், அப்படியென்றால் அடுத்த தெருவில் ஜகந்நாதன் என்று ஒருவர் இருக்கிறார், இனிப்பு மாத்திரை கொடுக்கிறவர், அவரைப் பாருங்கள் என்றார். ஜகந்நாதன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று ஹோமியோபதிப் புத்தகம் ஒன்றைப் படித்து வைத்தியரானவர். கோவர்த்தனன் தன் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. ஏனென்றால் ஜகந்நாதனுக்கும் தலைசுற்றல். பல வருஷமாக இருக்கிறது, எந்த மாத்திரைக்கும் போகவில்லை.

அடேயப்பா, அவர்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது! உங்களுக்கு இடமிருந்து வலமாகச் சுற்றுமா, வலமிருந்து இடமாகவா? தூண் நகர்வதுண்டா? எதிரே இருக்கிறவர் இரண்டாகத் தெரிவாரா, மூன்றாகவா? பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. ஊரெல்லாம் சண்டைக்கு ஆள் தேடுகிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆமாம் போடுகிறவரைத் தேடியிருக்கிறார் பாருங்கள். இவர் என்ன சொன்னாலும் ஜகந்நாதன் ஆமாம் ஆமாம், எனக்கும் அப்படித்தான் என்பார். புறப்படும்போது சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை ஒரு சீசா. கோவர்த்தனன் அதைச் சாக்கில் கட்டிய நெல் மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்தார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் புத்தூருக்குப் பஸ், அங்கிருந்து ரயில், திருப்பதி. மாட்டுக்குத் தவிடு வாங்க மறந்தாலும் மறப்பார், ஜகந்நாதனை மறக்கமாட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், இத்தனை நாளில் கிடைத்த வைத்தியரிலேயே இவர்தான் வைத்தியர் என்பார். தலைசுற்றல் போயிற்றா என்று கேட்டால், அவருக்கே போகவில்லை, எனக்கு எப்படிப் போகும் என்று கோபித்துக்கொள்வார்.

மாசி பிறந்தது. சித்திரைக்கு முன்னாலேயே எல்லை மாறப்போகிறது என்று தாலுகா ஆபீஸில் தேதி சொல்லிவிட்டார்கள். இரண்டு ராஜ்யமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. கிருஷ்ணம்மா அன்றைக்குக் கேட்டாள், அந்தப் பாட்டில் கொடுக்காத டாக்டரிடம் இன்னொரு தடவை போகலாமா என்று. கோவர்த்தனன் குதித்தார். பிறகு, சரி, நீயும் வேண்டாம் நானும் வேண்டாம், ஆத்தாளையே கேட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார்.

அந்தப் பக்கத்தில் குழப்பம் என்றால் அதுதான் வழக்கம். வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் எடுத்துத் தனித்தனியாக இலையில் மடித்து நூலால் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி குலுக்கி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எந்தப் பூ வருகிறதோ அது உத்தரவு. வெள்ளை வந்தால் ஜகந்நாதன், சிவப்பு வந்தால் வெங்கடராகவன் என்று கோவர்த்தனன் மனதார வேண்டிக்கொண்டு கண்ணை மூடினார். பூசாரி சிட்டிபாபு பிரித்தார். சிவப்பு.

சிட்டிபாபு இடது பக்கமாகக் குனிந்து எடுத்தார், அது கணக்கில் சேராது என்றார் கோவர்த்தனன். மறுபடி கட்டினார்கள். சிவப்பு. எடுக்கும்போது யாரோ தும்மினார்கள் என்றார் இவர். யாரும் தும்மவில்லை என்றார் சிட்டிபாபு. நான்தான் தும்மினேன் என்றார் கோவர்த்தனன், சத்தம் வராமல் தும்மினேன். மறுபடி கட்டினார்கள். சிவப்பு. நூல் ஈரமாக இருக்கிறது, ஆத்தாளுக்கு ஈர நூல் ஆகாது என்றார். அரளிச் செடி மொட்டையாகிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை சிட்டிபாபு பிரித்தபோது வெள்ளை வந்தது. கோவர்த்தனன் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆத்தா சொல்லிட்டா" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

விழுந்தவர் எழுந்திருக்கும்போது எதிரே கிருஷ்ணம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சரி என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சரி என்று சொல்லவில்லை.

"இந்தாய்யா, நான் சொல்றத கேளு. பாம்பு வைத்தியனாண்ட நீ ஒரு குத்தம் சொல்லல. மாத்திரக்காரராண்ட ஒரு குத்தம் சொல்லல. நாடி பாத்தவருக்கு ஒரே ஒரு குத்தம் சொன்ன. அந்த டாக்டருக்கு நீ சொன்ன குத்தத்த எண்ணறதுக்கு ஒரு கை வெரலு பத்தல. எவன் உன்ன கொணப்படுத்திடுவானோ அவனாண்டதான் உனக்குக் குத்தம் தெரியுது. ஆத்தா மூணு தபா சொன்னா. நீ அவளாண்டயே சண்ட போட்டுக்கினு கீற."

கோவர்த்தனன் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் இவள் எதிர்த்துப் பேசி அவர் பார்த்ததில்லை. சிட்டிபாபு வேறு, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று விபூதியை நீட்டினார். அடுத்த வாரம் ரயில் ஏறினார்கள். அம்சவேணியும் கூட வந்தாள்.

வெங்கடராகவன் வீட்டில் அதே ஆடுகிற நாற்காலி. அம்சவேணி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. டாக்டர் இந்தத் தடவை கோவர்த்தனனைக் கேட்கவில்லை, கிருஷ்ணம்மாவைக் கேட்டார். ஆத்திலே இவர் யாரோட பேசிண்டிருப்பார்? இவர் எங்கே பேசுகிறார், சண்டைதான் போடுவார் என்றாள் அவள். யாரோட? மகளோடு. வேற யாரோடயும் இல்லையா? வேறு யார் நிற்கிறார்கள் இவர் எதிரில் என்றாள்.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "அவ புக்காத்துக்குப் போயிட்டா, சாயங்காலத்திலே என்ன பண்ணுவேள்?"

நாற்காலி ஆடியதா, நாற்காலியோடு சேர்ந்து அறையே ஆடியதா தெரியவில்லை. கோவர்த்தனன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்.

"வூட்ல சத்தமே இருக்காதுங்க சாமி. நான் ஒண்ணு சொன்னா சரின்னுடுவாங்க. அப்புறம் நான் இன்னா சொல்றது?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். பனை ஏறுகிற மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். கிருஷ்ணம்மா என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளைக் கொடுக்கக்கூடாது என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படி நினைத்திருந்தால் வெளியே சொல்லி நாலு பேரோடு சண்டை போட்டிருப்பார். நினைக்காமல் இருந்ததால்தான் கூரை சுற்றியிருக்கிறது.

இது மருந்தால் போகிற வியாதியில்லை, அவ போற வரைக்கும் சுத்தும், போனப்புறமும் கொஞ்ச நாள் சுத்தும், நிக்கட்டும்னு காத்துண்டிருக்க வேண்டாம், சுத்தறபோதே தட்டைக் குடுத்துடுங்கோ என்றார் வெங்கடராகவன். அதெல்லாம் சரி, ஒரு பாட்டிலாவது கொடுங்கள் என்று கோவர்த்தனன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிடிவாதம் பிடித்தார். டாக்டர் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, இது வெறும் தண்ணி என்று சொல்லியே கொடுத்தார். வரும் வழியில் கோவர்த்தனன் அதில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். தண்ணீர்தான். மனிதன் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் அந்த டாக்டர்மேல் அவருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது.

ரயிலில் அம்சவேணி எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேணிகுண்டா தாண்டியதும் கோவர்த்தனன், இந்த ரயில் போன வாரத்தைவிட மெதுவாகப் போகிறது என்று ஆரம்பித்துவைத்தார். வழக்கமாக இருந்தால், ரயில் அப்படியேதான் போகிறது, நீதான் இன்றைக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். "ஆமா நைனா" என்றாள் அவள். கோவர்த்தனனுக்குப் பகீரென்றது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது. சொன்னால் இவர் சண்டை போட வேண்டியிருக்கும், அந்தச் சண்டையில் தான் ஜெயித்தே ஆக வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. புத்தூரில் இறங்கியதும் சண்முகத்துக்குத் தானே ஆளனுப்பினார். வைகாசி வரைக்கும் வேண்டாம், சித்திரையிலேயே வாருங்கள்.

சித்திரையில் அவர்கள் வரும்போது ஊர் ஆந்திராவாகிவிட்டிருந்தது. சண்முகம் மதராஸ்காரராகியிருந்தார். ஒரு வேன் அமர்த்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். பயந்துபோயிருந்த அந்தச் சித்தப்பாவும் வந்திருந்தார், ஆனால் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கூடத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். வேன் ஓட்டி வந்தவரையும் காபி சாப்பிட உள்ளே கூப்பிட, அவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

கோவர்த்தனன் தாம்பாளத்தைத் தூக்கினார். கூரை தயாராகக் காத்துக்கொண்டிருந்தது போல் சுற்ற ஆரம்பித்தது. தூண் நகர்ந்தது. இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "சுத்துது. சுத்தட்டும்" என்றார் கோவர்த்தனன் எல்லோருக்கும் கேட்கும்படி. காலை அகட்டி வைத்து ஒரு அடி எடுத்தார். இன்னொரு அடி. மெல்லக் குனிந்து, முகமெல்லாம் பணிவாக, தாம்பாளத்தை வேன் டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் பாவம், பெரியவர் கொடுக்கும்போது மறுக்கக்கூடாது என்று எழுந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

கல்யாணப் பெண் சபையில் பேசக்கூடாது. ஆனால் உள்ளேயிருந்து அம்சவேணியின் குரல் வந்தது.

"நைனா, அவரு டிரைவரு. மாமா இந்தாண்ட கீறாரு."

கூடம் முழுக்கச் சிரித்தது. சண்முகம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கோவர்த்தனனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாதா என்று கதவைப் பார்த்துத் திரும்பினார். சம்பந்தியை அழைத்துவந்தவருக்கு முதலில் ஒரு மரியாதை காட்டினேன், அது எங்கள் பக்கத்து வழக்கம் என்றார். அப்படி ஒரு வழக்கம் எந்தப் பக்கத்திலும் கிடையாது என்றது கதவு. உனக்கு என்ன வழக்கம் தெரியும், நீ பிறப்பதற்கு முன்னால் இந்த ஊரில் என்று ஆரம்பித்தார் அவர். நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அவள் ஒன்று சொல்வாள், அவள் சொன்னால் இவர் ஒன்று சொல்வார், சாயங்காலம் வரைக்கும் போகும். சம்பத் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கோவர்த்தனன் தாம்பாளத்தோடு அப்படியே நின்றார்.

பிறகு அந்தப் பதிலை விழுங்கினார்.

"நீ சொல்றதுதாம்மா சரி" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்த வீடு கேட்டதில்லை. கிருஷ்ணம்மா கையிலிருந்த குங்குமச்சிமிழைக் கீழே வைத்துவிட்டாள். கோவர்த்தனன் சுற்றுகிற கூரைக்கு அடியில் சண்முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, தெரிந்த இரண்டு சண்முகத்தில் நிஜமானவர் எவர் என்று தீர்மானித்து, தாம்பாளத்தைக் கொடுத்தார். சண்முகம் வாங்கிக்கொண்டார். வாசலில் உட்கார்ந்திருந்த மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார்.

மேளம் நின்றதும் கதவுக்குப் பின்னாலிருந்து அம்சவேணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா நைனா, இவ்ளோ சீக்கிரமா ஒத்துக்கினே?"